ஸ்டீயரிங் பளபளன்னு மின்னுதா? அது பாலீஷ் இல்லை... அழுக்கு!

ஞாயிற்றுக்கிழமை காலை. வாட்டர் சர்வீஸ் கடையில் கார் குளித்து முடித்து நிற்கிறது. வெளியே துடைத்தாயிற்று, உள்ளே வேக்யூம் போட்டாயிற்று. கடைசியாக அங்கே வேலை பார்க்கும் பையன் ஒரு ஸ்பாஞ்சையும் பாட்டிலையும் எடுத்து வந்து, "அண்ணே, உள்ளே பாலீஷ் போட்டுடவா?" என்று கேட்கிறான். "போடு தம்பி, நல்லா பளபளன்னு இருக்கட்டும்" என்கிறார் கார்க்காரர்.

டேஷ்போர்டு, கதவு என்று போன ஸ்பாஞ்ச் அப்படியே ஸ்டீயரிங் மேலும் ஒரு சுற்று சுற்றி வருகிறது. ஷோரூமிலிருந்து இப்போதுதான் இறங்கிய மாதிரி கார் மின்னுகிறது. கடையை விட்டு வெளியே வந்து, முதல் திருப்பத்தில் வளைக்கும்போதுதான் தெரிகிறது... கை லேசாக வழுக்குகிறது.

காரில் எந்த இடம் வேண்டுமானாலும் மின்னலாம். ஸ்டீயரிங் மட்டும் மின்னக் கூடாது. காரணம் இருக்கிறது.

புது காரின் லெதர் ஸ்டீயரிங்கைக் கவனித்துப் பாருங்கள். அது பளபளக்காது. கறுப்பாக, மங்கலாக, தொட்டால் லேசாகச் சொரசொரப்பாக இருக்கும். கைப்பிடி வழுக்கக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். நாலைந்து மாதங்கள் ஓட்டிய பிறகு, கை படும் இடங்கள் மட்டும் மெள்ள மெள்ள மின்ன ஆரம்பிக்கும். 'லெதர் நல்லா பழகிடுச்சு' என்று பலர் நினைப்பதுண்டு. உண்மையில், லெதரின் மேல் இருக்கும் நுண்ணிய பள்ளங்களில் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து இறுகி, மேற்பரப்பு வழவழப்பாகிவிட்டது. அந்தப் பளபளப்பு பெரும்பாலும் அழுக்கின் பளபளப்புதான்.

யோசித்துப் பார்த்தால் ஆச்சர்யமே இல்லை. தலைக்கு எண்ணெய் தடவிய கை, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு பேப்பரில் துடைத்த கை, ஹேண்ட் க்ரீம் போட்ட கை, பெட்ரோல் பங்க்கில் மூடியைத் திறந்த கை, மே மாத வெயிலில் வியர்த்த கை... எல்லாமே அந்த ஒரு வளையத்தைத்தான் பிடிக்கின்றன. காரைக் கழுவும்போது பானெட்டுக்குக் கிடைக்கும் கவனிப்பில் பாதிகூட ஸ்டீயரிங்குக்குக் கிடைப்பதில்லை.

அரை விநாடி என்ன ஆகும்?

'கொஞ்சம் அழுக்கு, கொஞ்சம் பாலீஷ்... இதில் என்ன ஆபத்து?' என்று தோன்றலாம். சாதாரணமாக ஓட்டும்போது எதுவும் தெரியாது. சந்திலிருந்து ஒரு பைக் திடீரென்று குறுக்கே வரும்போதுதான் விஷயமே இருக்கிறது. அப்போது ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்ப வேண்டும். கையோ வியர்த்திருக்கிறது. ஸ்டீயரிங்கில் பிசுக்கு அல்லது பாலீஷ். கை வழுக்கி, மறுபடி பிடிப்பதற்கு அரை விநாடி போகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், அந்த அரை விநாடிக்குள் 8 மீட்டருக்கு மேல் போய்விடும். ஏறக்குறைய இரண்டு கார் நீளம்!

டேஷ்போர்டு பாலீஷ்களில் பலவற்றில் சிலிக்கான் எண்ணெய் சேர்க்கப்பட்டிருக்கும். மின்னுவதற்குக் காரணமே அதுதான். வழுக்குவதற்கும் அதுவே காரணம். இந்த மாதிரி பாட்டில்களின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், 'ஸ்டீயரிங், பெடல் போன்றவற்றில் பூச வேண்டாம்' என்கிற எச்சரிக்கை பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும். சர்வீஸ் கடையில் யாரும் அதைப் படிப்பதில்லை. எனவே அடுத்த முறை வண்டியை விடும்போதே, "தம்பி, ஸ்டீயரிங், கியர், பெடல் மூணுலயும் பாலீஷ் போடாதப்பா" என்று சொல்லிவிடுங்கள்.

செருப்பு லெதர் வேறு, கார் லெதர் வேறு!

'லெதர்னா எண்ணெய் போட்டாத்தானே நல்லா இருக்கும்? எங்க தாத்தா தோல் செருப்புக்கு விளக்கெண்ணெய் போடுவாரே...' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தாத்தா செய்தது சரிதான். அந்தக் காலத்துச் செருப்புத் தோல் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்தியது. அதன் மேல் பூச்சு எதுவும் இருக்காது. எண்ணெயைக் குடிக்கும், மெத்தென்று ஆகும்.

காருக்கு வரும் லெதர் பெரும்பாலும் குரோமியம் உப்புகளால் பதப்படுத்தப்படுவது. சென்னை குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே, இந்த முறையில் தோல் பதனிட்ட குரோம் லெதர் தொழிற்சாலையால்தான். அப்படிப் பதப்படுத்திய தோலின் மேல் நிறப்பூச்சு அடித்து, அதற்கும் மேலே பாலியூரித்தேன் என்கிற மெல்லிய பாதுகாப்புப் பூச்சு கொடுப்பார்கள். உங்கள் கை தினமும் தொடுவது தோலை அல்ல, இந்தப் பூச்சைத்தான்.

இது புரிந்துவிட்டால் பராமரிப்பில் பாதி வேலை முடிந்துவிட்டது. தேங்காய் எண்ணெயோ, ஆலிவ் எண்ணெயோ போட்டால் அது உள்ளே போகாது. மேலேயே நின்று தூசியை இழுக்கும், சிக்கு வாடை அடிக்கும், கையை வழுக்கவைக்கும். பூச்சைக் காப்பாற்றினால் லெதர் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். பூச்சு போனால் எந்த எண்ணெயும் அதைத் திருப்பிக் கொண்டுவராது.

பல கார்களில் இருப்பது அசல் லெதரே கிடையாது, 'லெதரெட்' எனப்படும் செயற்கைத் தோல். தையல் இருப்பதை வைத்து மட்டும் அசல் லெதர் என்று முடிவுகட்ட முடியாது. உங்கள் வேரியன்ட்டின் புரோஷரில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். கவலை வேண்டாம், கீழே சொல்லும் முறை இரண்டுக்குமே பொருந்தும். வெல்வெட் மாதிரி மென்மையான துணி போன்ற மேற்பரப்பு உள்ள ஸ்டீயரிங்குக்கு மட்டும் இது வேண்டாம். அதற்கு காரின் கையேடு சொல்வதுதான் சரி.

இதையெல்லாம் பக்கத்திலேயே விடாதீர்கள்!

சானிடைஸர்: கொரோனா காலத்தில் பழகியது, இன்னும் பல கார்களில் கதவோரம் பாட்டில் இருக்கிறது. அதில் பாதிக்கும் மேல் ஆல்கஹால். அது மேல்பூச்சை இளக்கும். ஈரக் கையோடு ஸ்டீயரிங்கைப் பிடிக்கப் பிடிக்க, அந்த இடம் முதலில் பிசுபிசுக்கும், பிறகு உரியும். சானிடைஸர் போடக் கூடாது என்பதில்லை. போட்டு, கை முழுக்கக் காய்ந்த பிறகு ஸ்டீயரிங்கைத் தொடுங்கள்.

துணி சோப்பு, பாத்திர சோப்பு, சோடா மாவு: லெதர் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உள்ளது. துணி சோப்பும் சோடா மாவும் காரத்தன்மை உள்ளவை. தையல் துளைகள் வழியாக உள்ளே இறங்கினால் லெதர் விறைத்துப்போகும். பாத்திரம் கழுவும் லிக்விட் பிசுக்கை எடுப்பதில் கெட்டிக்காரன்தான். ஆனால், அது எண்ணெய்க் கடாய்க்குச் செய்தது.

எலுமிச்சை, வினிகர், டூத் பேஸ்ட்: வீட்டு வைத்தியமாக வீடியோக்களில் வலம் வருபவை. முதல் இரண்டும் அமிலம். டூத் பேஸ்ட்டில் தேய்க்கும் துகள்கள் உண்டு. அவை அழுக்கோடு பூச்சையும் சேர்த்துச் சுரண்டும்.

மேஜிக் ஸ்பாஞ்ச்: சுவரில் குழந்தைகள் கிறுக்கியதை அழிக்கும் வெள்ளை ஸ்பாஞ்ச். தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் மாயம்போல அழுக்கு போகும். உண்மையில் அது மிக நுண்ணிய உப்புத்தாள் மாதிரி வேலை செய்கிறது. இரண்டு முறை நன்றாக இருக்கும். அப்புறம் பூச்சு இருக்காது.

பெட்ரோல், தின்னர்: மெக்கானிக் ஷெட்டில் கிரீஸ் பட்டுவிட்டால், பெட்ரோலில் நனைத்த பனியன் வேஸ்ட்டால் ஒரு துடை துடைத்துக் கொடுப்பார்கள். கிரீஸுடன் நிறமும் கூடவே வரும். வண்டியை விடும்போதே ஸ்டீயரிங்கில் ஒரு பிளாஸ்டிக் கவர் மாட்டச் சொல்வது நல்லது.

20 நிமிடம் போதும்... சுத்தம் செய்வது இப்படித்தான்!

பட்டுப்புடவையும் ஸ்வெட்டரும் துவைக்க வீட்டில் மென்மையான லிக்விட் வைத்திருப்பீர்களே, அதுதான் இங்கே ஹீரோ. டொயோட்டா தன் கார் கையேடுகளில் லெதர் பாகங்களைத் துடைக்கச் சொல்வதும் இதே மாதிரி, கம்பளித் துணிக்கான நியூட்ரல் டிடர்ஜென்ட்டை 5 சதவிகித அளவுக்குத் தண்ணீரில் கலந்துதான். அதாவது 100 மில்லி தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன். பாட்டிலில் 'பிஹெச் நியூட்ரல்' என்று இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். லெதருக்கென்றே விற்கும் கிளீனர் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம்.

தேவையானவை: மூன்று மைக்ரோஃபைபர் துணிகள் (வெளிர் நிறமாக இருந்தால் அழுக்கு தெரியும்), மென்மையான பழைய டூத் பிரஷ், ஒரு கிண்ணம், குடிக்கும் தண்ணீர். உப்புத்தன்மை உள்ள போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் வெள்ளைத் தடம் விடும்.

1. காரை நிழலில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். ஸ்டீயரிங் சூடாக இருந்தால் ஆறட்டும். சூட்டில் தண்ணீர் சட்டென்று காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். மோதிரம், வாட்ச், வளையல் இருந்தால் கழற்றிவைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

2. முதலில் காய்ந்த துணியால் தூசியைத் துடையுங்கள். தூசி இருக்கும்போதே ஈரத்துணி வைத்துத் தேய்த்தால், மணல் துகள்கள் கீறல் போடும். பட்டன்களின் இடுக்கில் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

3. லிக்விட் கலந்த தண்ணீரை நுரை வரும்வரை கலக்கி, துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்துவிடுங்கள். சொட்டக் கூடாது. ஸ்டீயரிங்கின் கீழ்ப்பகுதியில், 6 மணி இருக்கும் இடத்தின் உட்பக்கத்தில் ஓரிடத்தைத் துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் அல்லது பழுப்பு நிறம் வந்தால் அழுக்கு. ஸ்டீயரிங்கின் நிறமே அப்பட்டமாக வந்தால் சாயம் கரைகிறது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

4. ஸ்டீயரிங்கை கடிகாரமாக நினைத்துக்கொண்டு, நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகமாகத் துடையுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். இரண்டு, மூன்று முறை மெதுவாகத் துடைப்பது, ஒரே முறை பலம்காட்டித் தேய்ப்பதைவிட நல்லது. தையல் ஓரங்களில் மட்டும் பிரஷ்ஷில் நுரையை எடுத்து வட்டமாகத் தேயுங்கள். சின்னச் சின்னத் துளைகள் உள்ள லெதராக இருந்தால், தண்ணீர் உள்ளே இறங்காதபடி நுரையை மட்டும் பயன்படுத்துங்கள்.

5. எல்லோரும் மறக்கும் இடம், ஸ்டீயரிங்கின் பின்பக்கம். நான்கு விரல்களும் பதிவது அங்கேதான். முன்பக்கம் துடைத்த துணியைவிட, பின்பக்கம் துடைத்த துணிதான் கறுத்துப்போயிருக்கும்.

6. இரண்டாவது துணியைச் சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, சோப்பு போகும்வரை துடையுங்கள். சோப்பு மிச்சமிருந்தால் வியர்க்கும்போது பிசுபிசுக்கும். மூன்றாவது துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். கதவைத் திறந்துவைத்து அரை மணி நேரம் காயவிடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம்.

கண்டிப்பாகக் கவனிக்க வேண்டியது: நடுவில் ஹாரன் இருக்கும் பகுதிக்குள்தான் டிரைவர் ஏர்பேக் மடித்துவைக்கப்பட்டிருக்கிறது. 2019 ஜூலையிலிருந்து இந்தியாவில் புதிய கார்களுக்கு இது கட்டாயம். அங்கே எதையும் நேராக ஸ்ப்ரே செய்யாதீர்கள். லேசான ஈரத்துணி போதும். அழகுக்காக அங்கே உலோக லோகோ, கல் பதித்த ஸ்டிக்கர் ஒட்டுவதும் வேண்டாம். ஏர்பேக் விரியும்போது அது ஓட்டுபவரின் முகத்தை நோக்கித்தான் வரும்.

துடைத்து முடித்தபின், கழுவிய கையால் 9 மணி, 3 மணி இடங்களில் பிடித்துப் பாருங்கள். புது கார் மாதிரி மங்கலாகவும், கைக்குப் பிடிமானமாகவும் இருந்தால் வேலை முடிந்தது. துடைத்தும் ஓரிடம் மட்டும் மின்னிக்கொண்டே இருந்தால், அது அழுக்கு அல்ல, பூச்சு தேய்ந்த இடம். அதை மேலும் தேய்க்காதீர்கள்.

கண்டிஷனர் வேண்டுமா?

அவசியம் இல்லை. பூச்சு நன்றாக இருக்கும் ஸ்டீயரிங்குக்கு, சுத்தமாக வைத்திருப்பதே பெரிய பராமரிப்பு. ஆசைப்பட்டால், எண்ணெய் இல்லாத, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட லெதர் கண்டிஷனரை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பயன்படுத்தலாம். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் துணியில் எடுத்து, மெலிதாகப் பூசி, பத்து நிமிடம் கழித்துக் காய்ந்த துணியால் முழுக்கத் துடைத்துவிட வேண்டும். அதன் பிறகும் கை வழுக்கினால், அதிகம் பூசியிருக்கிறீர்கள். மறுபடி துடையுங்கள்.

வெயில், மழை, ஆயுத பூஜை...

லெதருக்கு வெயில் பெரிய எதிரி. அமெரிக்காவின் அரிசோனாவில், வெளியே 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் இருந்த நாள்களில் கார்களை நிறுத்திச் செய்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களில் ஸ்டீயரிங் சராசரியாக 53 டிகிரியைத் தொட்டது. நிழலில் நின்றவற்றில் 42 டிகிரிதான். நம்மூர் வேலூர், திருச்சி, மதுரை வெயிலுக்கு இது புரியாத கணக்கு அல்ல. நிழல் கிடைக்கவில்லை என்றால் முன் கண்ணாடிக்கு சன் ஷேடு வையுங்கள். அதுவும் இல்லையென்றால், ஒரு வெள்ளைத் துண்டை ஸ்டீயரிங் மேல் போட்டுவிட்டுப் போங்கள். கிளம்பும்போது கையும் சுடாது.

மழைக்காலத்தில் பல நாள்கள் எடுக்காமல் நிற்கும் காரில், ஸ்டீயரிங்கில் வெள்ளையாகப் பூஞ்சை படியலாம். அதே லிக்விட் தண்ணீரால் துடைத்து, கதவுகளைத் திறந்துவைத்து நன்றாக உலர்த்துங்கள். துடைத்த துணியைத் தனியாகத் துவைத்துவிடுங்கள்.

ஆயுத பூஜை அன்று ஸ்டீயரிங்குக்கும் சந்தனம், குங்குமம் வைக்கும் வீடுகள் உண்டு. பொட்டு வைத்து, பூஜை முடிந்த அன்றோ, மறுநாளோ ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் பிரச்னை இல்லை. வாரக்கணக்கில் விட்டால், தையல் நூலிலும் வெளிர் நிற லெதரிலும் சிவப்புக் கறை நிற்கும். சாவிக்கொத்துக்குப் பொட்டு வைத்தாலும் பூஜை பூஜைதான்.

கவர் போட்டால் பிரச்னை தீருமா?

உரிய ஆரம்பித்த ஸ்டீயரிங்குக்குப் பலர் செய்யும் முதல் வேலை, ஒரு கவர் வாங்கி மாட்டுவது. அளவு சரியில்லாத கவர், அவசரத்தில் திருப்பும்போது ஸ்டீயரிங் மேலேயே சுழன்றுவிடும். கை திரும்பும், சக்கரம் திரும்பாது. கவருக்குள் சேரும் வியர்வையும் தூசியும் கீழே இருக்கும் லெதரையும் கெடுக்கும். போட்டே ஆக வேண்டும் என்றால், ஸ்டீயரிங்கோடு சேர்த்துத் தைக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். கையால் முறுக்கிப் பார்த்து, கொஞ்சமும் அசையக் கூடாது.

பூச்சு உரிந்து, லெதர் வெடித்துவிட்டால் துடைப்பதில் பலன் இல்லை. சேதம் குறைவாக இருந்தால் மறுபடி நிறம் ஏற்றிப் பூச்சு கொடுக்கலாம். அதிகம் என்றால் புதிதாக லெதர் சுற்றித் தைக்கலாம். இரண்டுமே தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. அதற்காக ஏர்பேக்கைக் கழற்ற வேண்டியிருந்தால், கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலேயே செய்துகொள்ளுங்கள். சாலையோரக் கடையில் அதைத் திறக்க விடாதீர்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் இதில் ஒரு குறிப்பு உண்டு. மீட்டர் 30,000 கிலோமீட்டர் என்று காட்டுகிறது, ஸ்டீயரிங்கோ 9 மணி, 3 மணி இடங்களில் தேய்ந்து உரிந்திருக்கிறது என்றால், சர்வீஸ் ரெக்கார்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சானிடைஸராலும் உரிந்திருக்கலாம் என்பதால், இதை மட்டும் வைத்து மீட்டரைச் சந்தேகிக்க வேண்டாம். ஆனால், ஸ்டீயரிங்கில் புத்தம் புதுக் கவர் மாட்டியிருந்தால், "ஒரு நிமிஷம் இதைக் கழற்றுங்க சார்" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

வீட்டு காலண்டரில் குறித்துவைக்க:

- வாரம் ஒருமுறை: காய்ந்த துணியால் ஒரு சுற்று.
- மாதம் ஒருமுறை: சுத்தமான ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி.
- மூன்று மாதங்களுக்கு ஒருமுறை: லிக்விட் கலந்த தண்ணீரால் முழுச் சுத்தம். தினமும் பல மணி நேரம் ஓட்டும் கால் டாக்ஸி டிரைவர்கள் இதை மாதம் ஒருமுறை செய்யலாம்.
- காரில் எப்போதும்: கை துடைக்க ஒரு சின்னத் துண்டு. வழியில் பஜ்ஜி சாப்பிட்டால், கையைக் கழுவித் துடைத்த பிறகே ஸ்டீயரிங்!

அடுத்த வாரம்: குழந்தை பாலைக் கொட்டிவிட்டதா? கார் சீட்டில் வாடை போக என்ன செய்யலாம்?